நெருக்கடியில் பிறக்கும் புகழ்

முன்னுரை

ஆபத்தில் உதவுபவரே உற்ற நண்பர் என்று பெரியோர் கூறுவர். இது வீட்டுக்கு மட்டுமன்றி நாட்டுக்கும் பொருந்தும். வெள்ளம், பஞ்சம், போர், கொள்ளைநோய் முதலியன வரும்போது எந்தத் தலைவர் முன்னே வந்து நிற்கிறாரோ அவரை மக்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறார்கள். "இவர் அமைச்சராக இருந்தால் போதாது, முதலமைச்சராக வேண்டும், முதலமைச்சராக இருந்தால் போதாது, பிரதமராக வேண்டும்" என்ற பேச்சும் உடனே கிளம்பிவிடுகிறது. இந்தப் பேச்சு எப்படிப் பிறக்கிறது? அதை நம்பி ஒருவருக்குப் பெரிய பதவியைக் கொடுக்கலாமா? இவற்றை இக்கட்டுரையில் சிறிது ஆராய்வோம்.

எங்கள் பள்ளியில் நடந்தது

நாட்டைப் பற்றிப் பேசுமுன் எங்களைப் பற்றியே சொல்லிவிடுகிறோம். சென்ற கோடையில் எங்கள் பள்ளியின் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எரிந்துபோயிற்று. நான்கு நாட்கள் குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கெலமங்கலத்தில் கோடைக் காலத்துத் தண்ணீர்ப் பாடு எப்படிப்பட்டது என்பதைப் பெற்றோருக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் வண்டி வந்ததும் மாணவிகள் குடத்தோடும் வாளியோடும் முண்டியடித்தார்கள். அப்போது எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி ஒரு மேசைமேல் ஏறி நின்று, உரத்த குரலில் எல்லாரையும் வரிசையில் நிறுத்தினாள். சின்னஞ்சிறு வகுப்புகளுக்கு முதலில் தண்ணீர் கொடுக்கச் செய்தாள். நான்கு நாட்களும் அவள் சொல்லே சட்டமாக இருந்தது.

அடுத்த மாதம் மாணவத் தலைவித் தேர்தல் வந்தது. வேறு பெயரை யாரும் நினைக்கவே இல்லை. நாங்களும் அவளுக்கே வாக்களித்தோம், கைதட்டினோம். ஆனால் தலைவியின் வேலை மேசைமேல் நின்று குரல் கொடுப்பது அன்று. நாள்தோறும் வருகைப் பதிவேடு, துப்புரவுப் பட்டியல், நூலகக் கணக்கு என்று ஓசையில்லாத வேலைகள். அவற்றில் அவள் தடுமாறினாள். தீபாவளி விடுமுறைக்குள் நாங்களே, "இவளை ஏன் தேர்ந்தெடுத்தோம்?" என்று முணுமுணுக்கத் தொடங்கிவிட்டோம். தவறு அவளுடையதா, எங்களுடையதா? இந்தக் கேள்விதான் எங்களை இக்கட்டுரை எழுத வைத்தது. எழுதுவதற்கு அவளிடம் அனுமதியும் பெற்றுக்கொண்டோம்.

அரியலூர் விபத்து

நம் தமிழ்நாட்டில் நடந்த ஒரு பெருந்துயரம் இந்தியாவுக்கு ஒரு பிரதமரைத் தந்தது என்றால் பலர் வியப்படைவர். 1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் விடியற்காலையில், சென்னையிலிருந்து சென்ற தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், அரியலூர் அருகே மருதையாற்றில் கவிழ்ந்தது. வெள்ளம் பாலத்தை அரித்திருந்தது. 140க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அப்போது ரயில்வே அமைச்சராக இருந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. அதே ஆண்டில் மகபூப்நகரில் நடந்த விபத்தின்போதே அவர் பதவி விலக முன்வந்தார். பிரதமர் நேரு அதை ஏற்கவில்லை. அரியலூர் விபத்துக்குப் பின் சாஸ்திரி மீண்டும் விலகல் கடிதம் கொடுத்தார். இம்முறை நேரு ஏற்றுக்கொண்டார். விபத்துக்குச் சாஸ்திரி காரணம் அல்லர் என்றும், பொறுப்புள்ள ஆட்சிக்கு இது ஓர் எடுத்துக்காட்டாக இருக்கட்டும் என்றே ஏற்பதாகவும் அவர் பாராளுமன்றத்தில் விளக்கினார்.

பதவியை விட்ட அந்த நாளிலிருந்து சாஸ்திரியின் மதிப்பு உயர்ந்தது. 1957 தேர்தலுக்குப் பின் மீண்டும் அமைச்சரானார். 1961இல் உள்துறையை ஏற்றார். 1964 தொடக்கத்தில் காஷ்மீரில் ஹஸ்ரத்பால் புனிதச் சின்னத்தைப் பற்றிய கொந்தளிப்பு எழுந்தபோது, அங்கே அனுப்பப்பட்டவரும் அவரே. பொறுமையாகப் பேசிச் சிக்கலைத் தீர்த்து வந்தார். அதே ஆண்டு மே மாதம் நேரு மறைந்ததும், காங்கிரஸ் தலைவராயிருந்த நம் காமராஜர் கட்சியினர் பலரையும் கலந்து பேசினார். ஜூன் 9ஆம் நாள் சாஸ்திரி பிரதமரானார்.

இங்கே மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். அரியலூர் விபத்தின்போது ரயில்வே துணை அமைச்சராக இருந்தவர் தமிழரான ஓ. வி. அழகேசன். எதிர்க்கட்சியினர் அவர் பெயரையும் அரியலூரையும் சேர்த்து முழக்கமாக்கி மேடைதோறும் கூவினர். 1957இல் அவர் செங்கல்பட்டுத் தொகுதியில் தோற்றார். விபத்து ஒன்றே, அது ஒருவரை மேலே ஏற்றியது, மற்றவரைக் கீழே தள்ளியது. பாலத்தை இருவருமே கட்டவில்லை, இடிக்கவும் இல்லை.

சாஸ்திரிக்கும் புகழ் ஒரே சீராக இருக்கவில்லை. 1965 ஜனவரியில் இந்தி ஆட்சிமொழிச் சிக்கலால் நம் மாநிலம் கொந்தளித்தபோது, இங்கே அவர்மேல் பெருங்கோபம் எழுந்தது. அப்போது மத்திய அமைச்சர்களாக இருந்த சி. சுப்பிரமணியமும், முன்பு தோற்ற அதே அழகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தனர். சாஸ்திரி வானொலியில் பேசி, ஆங்கிலம் தொடரும் என்று உறுதி கூற நேர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பாகிஸ்தானுடன் போர் மூண்டதும் நாடே அவர் பின்னே திரண்டது. ஒரே மனிதர், ஒரே ஆண்டு, இரண்டு நெருக்கடிகள். மக்களின் முகம் மட்டும் இரண்டு விதமாக மாறியது.

தொரப்பள்ளியில் பிறந்தவர்

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். ஓசூருக்கு அருகில் உள்ள தொரப்பள்ளி நமக்கு அயலூர் அன்று. 1878 டிசம்பர் 10ஆம் நாள் இராஜாஜி பிறந்த ஊர் அது. அவர் பிறந்த வீடு இன்று நினைவு இல்லமாக விளங்குகிறது. ஓசூரில் பள்ளிப் படிப்பும், பெங்களூரில் கல்லூரிப் படிப்பும் கற்ற அவர், இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரல் ஆனார். அவர் ஏறிய படிகளைப் பார்த்தால் பல படிகளில் ஒரு நெருக்கடி இருக்கிறது.

1930 ஏப்ரலில் உப்புச் சட்டத்தை எதிர்த்துத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குத் தொண்டர்களோடு நடந்தார், சிறை சென்றார். 1937இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். 1947 ஆகஸ்டில் பிரிவினையால் வங்காளம் பதறிக்கொண்டிருந்த வேளையில் மேற்கு வங்க ஆளுநரானார். 1948 ஜூனில் கவர்னர் ஜெனரல் பதவி அவருக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு, "குடியரசின் முதல் ஜனாதிபதியும் இவரே" என்ற பேச்சு எழுந்தது. நேருவும் அதையே விரும்பினார்.

ஆனால் அது நடக்கவில்லை. காரணம் 1942ஆம் ஆண்டின் நெருக்கடி. 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம் அப்போது சரியன்று என்று கருதிய இராஜாஜி, அதை வெளிப்படையாகச் சொல்லிக் காங்கிரசை விட்டு விலகினார். மற்றவர்கள் சிறையில் வாடியபோது இவர் வெளியே இருந்ததைக் கட்சியினர் மறக்கவில்லை. எனவே 1950 ஜனவரி 26இல் இராஜேந்திர பிரசாத் ஜனாதிபதியானார். ஒரு நெருக்கடி ஏற்றிய ஏணியை மற்றொரு நெருக்கடி பறித்துக்கொண்டது.

இராஜாஜியின் கதை அங்கே முடியவில்லை. 1952 தேர்தலில் சென்னை மாநிலச் சட்டசபையின் 375 இடங்களில் காங்கிரசுக்கு 152 இடங்களே கிடைத்தன. உணவுத் தட்டுப்பாடும் வாட்டியது. இந்த நேரத்தில் ஆட்சியை நடத்த வல்லவர் யார் என்று தேடியபோது, 73 வயதான இராஜாஜியை அழைத்தார்கள். அவர் தேர்தலில் நிற்கவில்லை. மேலவைக்கு நியமிக்கப்பட்டே முதலமைச்சரானார். 1952 ஜூனில், போர்க்காலம் முதல் இருந்துவந்த உணவு தானியக் கட்டுப்பாட்டைத் துணிந்து நீக்கினார். விலை ஏறிவிடும் என்று பலர் அஞ்சினர். அஞ்சியபடி நடக்கவில்லை, பதுக்கியிருந்த தானியம் சந்தைக்கு வந்தது. அரிசிக்காக வரிசையில் நின்ற தாய்மார்கள் அவரை வாழ்த்தினார்கள்.

அந்தப் புகழ் உச்சியில் இருந்தபோதுதான், 1953இல் அவர் புதிய தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். பள்ளியில் நாளுக்கு மூன்று மணி நேரம் படிப்பு. மற்ற நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். பள்ளிகளும் ஆசிரியர்களும் போதாத நிலையில், இரண்டு வேளையாகப் பிரித்தால் கூடுதல் பிள்ளைகள் படிக்கலாம் என்பது அவர் எண்ணம். அந்த எண்ணத்தில் தீமை இருந்ததாக நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் பலரையும் கலந்து பேசாமல் கொண்டுவந்தார். உழுபவர் மகள் உழவும், துணி வெளுப்பவர் மகள் வெளுக்கவும் கட்டுண்டு கிடக்க வேண்டுமா என்று மக்கள் கேட்டனர். 'குலக் கல்வித் திட்டம்' என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. பெரியாரும் தி.மு.க.வினரும் மட்டுமல்லர், காங்கிரசிலேயே பலர் எதிர்த்தனர். 1954இல் இராஜாஜி பதவி விலகினார். ஏப்ரலில் முதலமைச்சரான காமராஜர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

அத்திட்டம் முதலில் வந்தது நகரங்களுக்கு அன்று, நம் ஊரைப் போன்ற கிராமப்புறங்களுக்கே. அது நிலைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்கள் வகுப்பில் பேசிப் பார்த்தோம். எங்களில் சிலர் ராகி விளைவிக்கும் வீட்டுப் பிள்ளைகள். சிலர் வீட்டில் ரோஜாத் தோட்ட வேலை. சிலருடைய தந்தையர் ஓசூர்த் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள். டாக்டராகவும் ஆசிரியையாகவும் வர விரும்பும் எங்கள் பாட்டிமாருக்கே அந்த மூன்று மணி நேரப் பள்ளிதான் கிடைத்திருக்கும். அவர்கள் நிலையே எங்கள் அம்மாவுக்கும், அம்மா நிலையே எங்களுக்கும் வந்திருக்கலாம். அரிசிச் சிக்கலை அருமையாகத் தீர்த்தவர் பள்ளிச் சிக்கலிலும் அதேபோல் வெல்வார் என்று எண்ண முடியவில்லை. ஒரு நெருக்கடி ஒருவருடைய ஒரு திறமையைத்தான் நமக்குக் காட்டுகிறது. மற்றத் திறமைகளை நாமாக அவர்மேல் ஏற்றிவைத்து விடுகிறோம்.

பிற நாடுகளில்

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய பழக்கம் அன்று. 1927இல் அமெரிக்காவில் மிசிசிப்பி ஆறு பெருக்கெடுத்துப் பல்லாயிரக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. நிவாரணப் பணியை முன்நின்று நடத்தியவர் வணிக அமைச்சர் ஹெர்பர்ட் ஹூவர். அவர் புகழ் நாடெங்கும் பரவியது. 1928இல் அவரே அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1929இல் பங்குச் சந்தை சரிந்து பெரும் பொருளாதார மந்தம் வந்தது. வெள்ளத்தை வென்றவரால் அதை வெல்ல முடியவில்லை. 1932 தேர்தலில் ரூஸ்வெல்ட்டிடம் தோற்றார்.

இங்கிலாந்தில் வின்ஸ்டன் சர்ச்சில் 1940இல் போர் நெருக்கடியில் பிரதமரானார். ஐந்தாண்டுகள் போரை நடத்தி வெற்றியும் கண்டார். 1945 ஜூலைத் தேர்தலில் அந்நாட்டு மக்கள் அவருடைய கட்சியைத் தோற்கடித்தனர். இதை நன்றியின்மை என்று சிலர் கூறுவர். போருக்குப் பின் வேண்டியது வீடும் வேலையும் மருத்துவமும். அதற்கு வேறு தலைமை வேண்டும் என்று மக்கள் எண்ணினர் என்றும் கொள்ளலாம்.

ஏன் இப்படி நடக்கிறது?

ஜான் முல்லர் என்னும் அமெரிக்க அறிஞர் 1970இல் இதைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். வெளியிலிருந்து ஆபத்து வரும்போது மக்கள் தங்கள் சண்டைகளை மறந்து, கொடியைச் சுற்றித் திரள்வதுபோல் தலைவரைச் சுற்றித் திரள்கிறார்கள் என்பது கருத்து. 2001 செப்டம்பர் 11ஆம் நாள் தாக்குதலுக்கு முன் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் பணியை ஏற்றவர்கள் 51 விழுக்காட்டினர். சில நாட்களில் 90 விழுக்காட்டினர் என்று காலப் நிறுவனத்தின் கணிப்பு கூறியது. 2008இல் அது 25 விழுக்காட்டுக்கு இறங்கியது. தாக்குதல் நடந்த மறுநாளே ஒருவர் அறிவாளியாகிவிட மாட்டார். மக்களின் அச்சமே அந்த எண்ணை உயர்த்தியது.

வீட்டில் பாம்பு புகுந்தால் முதலில் குரல் கொடுப்பவர் பின்னால் எல்லாரும் ஓடுகிறோம் அன்றோ? அந்த நேரத்தில் அது தேவைதான். எதிர்க்கட்சியும் சிறிது அடங்கிவிடுகிறது. செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் தலைவரின் முகமே நாள்தோறும் வருகிறது. முகம் பழகப் பழக நம்பிக்கையும் வளர்கிறது.

கொரோனாக் காலம்

இதை நாங்கள் நேரிலும் கண்டோம். 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு வந்தபோது நாங்கள் தொடக்கப் பள்ளிச் சிறுமிகள். ஜூஜூவாடி எல்லை மூடப்பட்டது. நம் வீட்டார் பலர் அதுவரை அக்கம்பக்கத்துத் தெருபோல் எண்ணியிருந்த பெங்களூர் திடீரென்று வேற்று நாடாகிவிட்டது. மே மாதத் தொடக்கம் வரை தமிழ்நாட்டிலேயே நம் கிருஷ்ணகிரி மாவட்டம் ஒன்றுதான் பச்சை மண்டலமாக இருந்தது. தொலைக்காட்சியில் பேசிய தலைவர்களின் முகங்கள் இன்றும் நினைவில் இருக்கின்றன. ஆனால் வீடு வீடாக வந்து காய்ச்சல் உண்டா என்று கேட்ட கிராமச் செவிலியர் அக்காவின் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. இதை எழுதும்போது வெட்கமாகவே இருக்கிறது.

அக்காலத்தில் அண்டை மாநிலமான கேரளத்தின் சுகாதார அமைச்சர் கே. கே. சைலஜா டீச்சரை உலகமே பாராட்டியது. 2018இல் நிபா நோயையும் அவர் திறமையாக எதிர்கொண்டவர். 2021இல் மட்டன்னூர்த் தொகுதியில் 60,000க்கும் மேற்பட்ட வாக்குகள் வேறுபாட்டில் வென்றார். ஆயினும் பழைய அமைச்சர்கள் எவருக்கும் இடமில்லை என்று கட்சி முடிவு செய்ததால், அவர் அமைச்சராகவில்லை. நியூயார்க் மாநில ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ 2020இல் நாள்தோறும் தொலைக்காட்சியில் பேசியதைக் கேட்டு, அவரே அதிபர் வேட்பாளராக வேண்டும் என்று பலர் விரும்பினர். 2021 ஆகஸ்டில் பெண்கள் சுமத்திய குற்றச்சாட்டுகளால் அவர் பதவி விலகினார். உழைத்தவருக்குப் பதவி கிடைக்காமல் போவதும் உண்டு. தொலைக்காட்சியில் கண்ட முகத்துக்குப் பின்னே வேறொரு முகம் இருப்பதும் உண்டு.

நாம் கேட்க வேண்டியவை

திருக்குறளில் 63ஆம் அதிகாரம் 'இடுக்கண் அழியாமை'. துன்பம் வந்தபோது கலங்காத மனத்தை அது போற்றுகிறது. ஆனால் ஒருவரை ஆராய்ந்து தேர்ந்தெடுப்பதற்கு வள்ளுவர் வேறு அதிகாரம் வைத்தார்; அது 51ஆம் அதிகாரமாகிய 'தெரிந்து தெளிதல்'. இரண்டையும் ஒன்றாக்கவில்லை. கலங்காமல் நிற்பது வேறு, பதவிக்குத் தகுதி வேறு என்பதை இதிலிருந்தே நாம் கற்றுக்கொள்ளலாம்.

ஆகவே ஒருவர் புகழ் நெருக்கடியில் ஓங்கும்போது நாம் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். அவர் வேலை செய்தாரா, அல்லது வேலை நடந்த இடத்தில் காணப்பட்டாரா? தவறு நேர்ந்தபோது சாஸ்திரியைப் போலப் பொறுப்பை ஏற்றாரா, அல்லது கீழே இருந்தவர்மேல் போட்டாரா? ஆபத்து நீங்கிய பின் பிறர் சொல்வதைக் கேட்கிறாரா, அல்லது ஒருமுறை வென்றதால் எப்போதும் தாமே சரி என்று எண்ணுகிறாரா? இவற்றுக்கு விடை கிடைக்க நாட்கள் ஆகும். காத்திருந்து கைதட்டினால் யாருக்கும் நட்டமில்லை.

முடிவுரை

இன்னும் மூன்று ஆண்டுகளில் எங்களுக்கு 18 வயதாகும், வாக்குரிமை கிடைக்கும். 1989 வரை அதற்கு 21 வயது ஆக வேண்டியிருந்தது. எங்களுக்கு முன்பே கிடைக்கும் உரிமை இது. ஆகவே முன்பே சிந்திக்கவும் கடமைப்பட்டுள்ளோம்.

தொடக்கத்தில் சொன்ன தோழிக்கு இக்கட்டுரையைப் படித்துக் காட்டினோம். அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "நான்கு நாள் வேலையைப் பார்த்து ஓர் ஆண்டு வேலையைக் கொடுத்தீர்கள். தெரியாததைச் சொல்லிக் கொடுக்க ஒருத்தியும் வரவில்லையே?" என்றாள். எங்களுக்குப் பதில் சொல்ல நாவெழவில்லை. தலைவர்களை அளவுக்கு மீறிப் புகழ்வதும், பிறகு தனியே விட்டுவிட்டு இகழ்வதும் மக்கள் செய்யும் ஒரே தவற்றின் இரண்டு பக்கங்கள் என்பது அப்போதுதான் விளங்கியது.

இப்போது எங்களில் நான்கு பேர் முறை வைத்துக்கொண்டு மாலையில் அவளுடன் அமர்ந்து பதிவேடுகளை எழுதுகிறோம். நூலகக் கணக்கு சரியாகிவிட்டது. துப்புரவுப் பட்டியல்தான் இன்னும் பாக்கி இருக்கிறது.

— பத்தாம் வகுப்பு மாணவி, 'அ' பிரிவு